உங்களுக்குத் தெரியுமா? விரலில் ஏறிய இலக்கணம்

காது கேளாதோரின் சைகை மொழி, பேச்சை அப்படியே கையால் காட்டுவதல்ல. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. ஆனால் பேச்சுமொழியையே சொல்லுக்குச் சொல் கையில் ஏற்றி வகுப்பில் சொல்லிக்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

■ பாரிஸ், 18ஆம் நூற்றாண்டு. தெ லெப்பே என்ற பாதிரியார், அந்நகரக் காது கேளாதோரின் சைகைகளை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு இலக்கணத்துக்கு வேண்டியதைத் தாமே சேர்த்தார். பிரெஞ்சில் மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்! ஆண்பால் என்றால் கை தொப்பிக்குப் போகும். பெண்பால் என்றால் காதோரத்துக்கு. அக்காலப் பெண்களின் தலையலங்காரம் முடிகிற இடம் அது.

■ ‘நம்புகிறேன்’ என்பதை அவர் எப்படிப் பிரித்தார் தெரியுமா? அறிவு ஆம் என்கிறது, மனம் ஆம் என்கிறது, வாய் ஆம் என்கிறது, கண் மட்டும் காணவில்லை. (பாதிரியார் அல்லவா!) இதற்குமேல் வினைச்சொல், தன்மை, ஒருமை என்று தனித்தனிச் சைகைகள். இந்தச் சைகைகளைப் பார்த்த மாணவர்கள் பிழையில்லாமல் பிரெஞ்சு எழுதினார்கள். சொந்தமாக எழுதச் சொன்னால்? அதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டாம் என்று சீடர் சிக்காருக்கு அவரே கடிதம் எழுதிவிட்டார்.

■ அமெரிக்காவில் 1972இல் வெளிவந்தது ‘சைனிங் எக்ஸாக்ட் இங்கிலீஷ்’. உருவாக்கியவர்களில் முதன்மையானவரான கெரிலி கஸ்டசனுக்கும் காது கேளாது. ஒலி, எழுத்து, பொருள் மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் ஒரே சைகை என்பது அதன் விதி. வலப்பக்கம் என்ற ‘ரைட்’டுக்கும் சரி என்ற ‘ரைட்’டுக்கும் ஒரே சைகை, எழுது என்ற ‘ரைட்’டுக்கு வேறு. அமெரிக்கச் சைகை மொழியிலோ மூன்றும் மூன்று.

■ மலேசியப் பள்ளிகளில் மலாய்க்கும் இப்படி ஒன்று உண்டு. பெயர் ‘கோட் தாங்கான்’, அதாவது கைக்குறியீடு.

■ சிக்கல் வேகத்தில்தான். ஒரு சொல்லை உச்சரிக்கும் நேரத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு நேரம் ஒரு சைகைக்கு ஆகிறது என்று ஆய்வாளர்கள் பெலுகியும் ஃபிஷரும் 1972இல் கணக்கெடுத்தார்கள். ஆனாலும் ஒரு கருத்தைச் சொல்லி முடிக்கச் சைகை மொழிக்கும் பேச்சுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரம்தான். முகமும் கையின் அசைவும் அது நிற்கும் இடமும் ஒருசேரப் பொருள் சொல்லிவிடுகின்றனவே! சொல்லுக்குச் சொல் போட்டால் அந்த வசதி போயிற்று. ‘வந்துகொண்டிருந்தார்களாம்’ என்று நாம் ஒரே மூச்சில் சொல்வதற்கு வா, கொள், இரு, இறந்தகாலம், பலர்பால், கடைசியில் அந்த ‘ஆம்’ என்று ஆறு சைகை போட்டுப் பாருங்கள். வாயும் கையும் சேர்ந்து ஓட வேண்டிய ஆசிரியர்கள், விகுதிகளை நழுவவிட்டதில் வியப்பில்லை.

■ எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அமெரிக்கச் சைகை மொழியைப் பார்த்தே அறியாமல், ‘சைனிங் எக்ஸாக்ட் இங்கிலீஷை’ மட்டுமே பார்த்து வளர்ந்த குழந்தைகளை ஆய்வாளர் சாமுவேல் சுப்பல்லா ஆராய்ந்து 1991இல் எழுதினார். யார் யாருக்கு என்பதைச் சொல்ல, அவர்கள் வினைச்சைகையை ஒருவர் பக்கமிருந்து இன்னொருவர் பக்கம் நகர்த்தினார்கள். சைகை மொழிகள் செய்வது அதைத்தான். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.