தண்ணீரே தண்ணீரை ஏற்றுமா?
மோட்டாரை நிறுத்தியதும் குழாய் 'டம்'முனு அதிருமே, அதுதான் வாட்டர் ஹேமர். ஓடும் தண்ணீர் சட்டென நின்றால் அதன் வேகம் அழுத்தமாகிவிடும். அந்த அடியை வைத்தே 1796-ல் பிரான்சின் மோன்கோல்ஃபியே கரண்ட் இல்லாத 'ஹைட்ராலிக் ராம்' பம்பு செய்தார். நிஜமான கருவிதான். ஆனா கணக்குப் பாருங்க: 1 மீட்டர் இறங்கும் 100 லிட்டரில், 10 மீட்டர் மேலே ஏறுவது 6, 7 லிட்டர், மிச்சம் வழிந்தோடும். மலையடிவார ஓடைக்கு அருமை. எங்க எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் சமதரை, தண்ணீர் இறங்கவே வழியில்லை.

'தண்ணீரில் ஓடும் எஞ்சின்' என்று முன்பணம் கேட்டால், வங்கியில் நான் கேட்டதையே கேளுங்க: வரவு எங்கிருந்து? பச்சிலையும் தண்ணீரும் பெட்ரோலாகும் என்று 1996-ல் ராமர் பிள்ளை சொன்னதைப் பலர் நம்பினார்கள். 2016-ல் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறை விதித்தது.