கணினிக்குப் பந்து விழக் கற்றுக்கொடுப்போம்

ப்ளெண்டர் என்ற மென்பொருளைத் திறந்ததும் திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கனசதுரம் நிற்கும். பக்கத்தில் ஒரு கேமரா, ஒரு விளக்கு. சுற்றிலும் பொத்தான்கள், எண்கள், பட்டியல்கள். அனிமேஷன் கற்க ஆசையாக வந்த பலர் இந்த இடத்திலேயே மிரண்டுபோய் மூடிவிடுகிறார்கள். நீங்கள் மிரள வேண்டாம். அந்தப் பொத்தான்களில் பெரும்பாலானவை இன்றைக்கு நமக்கு வேண்டியதில்லை. இன்று ஒரே ஒரு வேலைதான்: ஒரு பந்தைக் கீழே போடப்போகிறோம்.

இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். அனிமேஷன் சொல்லித்தரும் இடங்களில் முதல் பயிற்சியே பெரும்பாலும் இதுதான். பந்துக்குக் கண் இல்லை, வாய் இல்லை, கைகால் இல்லை. அழகான முகத்தைக் காட்டி யாரையும் ஏமாற்ற முடியாது. வெறும் அசைவை வைத்தே ‘இதற்கு எடை இருக்கிறது’ என்று பார்ப்பவரை நம்பவைக்க வேண்டும்.

ப்ளெண்டர் பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டான் ரோசண்டால் என்ற நெதர்லாந்துக்காரர் 1994-இல் இதை எழுதத் தொடங்கினார். பின்னால் இதை வைத்து நடந்த நிறுவனம் 2002-இல் மூடப்பட்டது. மென்பொருளும் அதோடு போயிருக்கும். ஆனால் அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் விடவில்லை. உலகெங்கும் இருந்து பணம் சேர்த்தார்கள். ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ சேர்ந்தது. அந்தப் பணத்தைக் கொடுத்து மென்பொருளை மீட்டு, அதே ஆண்டு அக்டோபரில் எல்லாருக்கும் இலவசம் என்று திறந்துவிட்டார்கள். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதை ‘ஃப்ளோ’ என்ற லாட்வியப் படம் வென்றது. வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு பூனையின் கதை. படத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. அது ப்ளெண்டரில் செய்த படம். பள்ளிக்கூடக் கணினியில் நீங்கள் இறக்கிக்கொள்வதும் அதே மென்பொருள்தான். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, வேலைக்கு வருவோம். கனசதுரத்தைச் சொடுக்கி, எக்ஸ் விசையை அழுத்தி அழித்துவிடுங்கள். ஷிஃப்ட் விசையோடு ஏ-யை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் மெஷ், பிறகு யூவி ஸ்பியர். ஓர் உருண்டை வந்து நிற்கும். அதன் ஆரம் 1 மீட்டர் என்று இருக்கும், அதாவது குறுக்களவு 2 மீட்டர்! உங்கள் அப்பாவைவிட உயரமான பந்து. இடதுபக்கக் கீழ்மூலையில் திறக்கும் சிறு பெட்டியில் ஆரத்தை 0.033 என்று மாற்றுங்கள். இப்போது அது டென்னிஸ் பந்தின் அளவு. சுட்டியின் சக்கரத்தை உருட்டிப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இந்த அளவு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பிறகு ‘என் பந்து ஏன் கோயில் தேர் மாதிரி நகர்கிறது’ என்று கவலைப்படுவார்கள்.

என் விசையை அழுத்தினால் வலதுபக்கம் ஓர் எண் பட்டை திறக்கும். ப்ளெண்டரில் இசட் என்பது உயரம். அதில் 1.26 என்று எழுதுங்கள். பந்து மேலே போய்விடும். சுட்டியைப் பந்து தெரியும் பகுதிக்குக் கொண்டுவந்து ஐ விசையை அழுத்துங்கள். பட்டியல் விரிந்தால் லொகேஷன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘1-ஆம் ஃப்ரேமில், அதாவது முதல் படத்தில், பந்து இங்கே இருக்கிறது’ என்று கணினி குறித்துக்கொண்டது. பிறகு கீழே உள்ள காலக்கோட்டில் 13-ஆம் ஃப்ரேமுக்குப் போய், இசட் 0.03 என்று மாற்றி, மறுபடி ஐ. ஏன் பூஜ்யம் இல்லை? பந்தின் மையத்தைத்தான் கணினி கணக்கில் எடுக்கிறது. மையம் பூஜ்யத்தில் இருந்தால் பாதிப் பந்து தரைக்குள் புதைந்துவிடும்.

ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். பந்து இறங்கும்.

நீங்கள் சொன்னது இரண்டே இடம். நடுவில் உள்ள 11 படங்களைக் கணினியே போட்டது. கையால் வரைந்த காலத்தில் இதைச் செய்யத் தனி ஆட்கள் இருந்தார்கள். தலைமை ஓவியர் முக்கியமான படங்களை மட்டும் வரைவார். இடைப்படங்களை வரைவது உதவியாளர்களின் வேலை. வினாடிக்கு 24 படம் என்றால் எவ்வளவு தாள், எவ்வளவு கைவலி! கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்த்த நெஸ்டர் பர்ட்னிக் 1969-இல் ஒரு கூட்டத்தில் டிஸ்னி ஓவியர் ஒருவர் இந்த முறையை விளக்கக் கேட்டார். இடைப்படங்களைக் கணினியிடம் விட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஊர் திரும்பியதும் அதற்கான நிரலை எழுதினார். மார்செலி வைன் என்ற விஞ்ஞானியும் சேர்ந்துகொண்டார். அவர்கள் உருவாக்கிய முறையில் பீட்டர் ஃபோல்டெஸ் எடுத்த ‘பசி’ என்ற குறும்படம் 1974-இல் வெளிவந்து ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நீங்கள் ஐ விசையை அழுத்திப் பதியும் இடத்தைக் கீஃப்ரேம் என்பார்கள். அது அந்தத் தலைமை ஓவியரின் படம். கணினி உங்கள் உதவியாளர்.

ஆனால் இந்த உதவியாளர் பந்து விழுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஓட்டிப் பார்த்தீர்களே, ஏதோ தப்பாகத் தெரிந்ததா? பந்து மெல்லக் கிளம்பி, நடுவில் வேகமெடுத்து, தரைக்கு அருகில் வந்ததும் தயங்கித் தயங்கி இறங்கியிருக்கும். தரையைக் கண்டு பயப்படும் பந்தை எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

காலக்கோடு இருக்கும் பகுதியைக் கிராஃப் எடிட்டர் என்று மாற்றிப் பாருங்கள். ஒரு வளைகோடு தெரியும். குறுக்கே போவது நேரம், மேலே போவது உயரம். அறிவியல் பாடத்தில் வரும் தொலைவு–நேர வரைபடமேதான் இது. கோடு செங்குத்தாக இருந்தால் வேகம் அதிகம், படுத்துக்கிடந்தால் வேகம் இல்லை. நம் கோடு இரண்டு முனையிலும் படுத்துக்கிடக்கிறது. ப்ளெண்டர் தானாகப் போடும் கோடு அப்படித்தான் இருக்கும். ரெனோ கார் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியேர் பெசியே, காரின் வளைவுகளை வரைய 1960-களில் பயன்படுத்திப் பிரபலமாக்கிய வளைகோட்டு வகை அது. லிஃப்ட் நகர்வதற்கும் கை நீண்டு ஒரு பொருளை எடுப்பதற்கும் இந்தக் கோடு நன்றாகப் பொருந்தும். அவை மெல்லத் தொடங்கி மெல்ல முடிகிறவை. விழும் பந்து மெல்லத் தொடங்கும், மெல்ல முடியாது.

அப்படியானால் எப்படி விழும்? இதைக் கண்டுபிடிக்க கலிலியோ படாதபாடு பட்டார். பந்து கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடுகிறது. அவரிடம் நல்ல கடிகாரமோ கேமராவோ இல்லை. அதனால் சாய்வான பலகையில் காடி வெட்டி, அதில் குண்டை உருட்டி, விழுவதை மெதுவாக்கினார். நேரத்தை எதை வைத்து அளந்தார் தெரியுமா? மெல்லிய குழாயில் வழியும் தண்ணீரைப் பிடித்து எடை போட்டார். அவர் கண்ட விதி 1638-இல் வெளியான புத்தகத்தில் இருக்கிறது: சம நேரத் துண்டுகளில் பொருள் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களாகப் பெருகும்.

நம் பந்தில் சோதிப்போம். அது அரை வினாடி விழுகிறது, 12 ஃப்ரேம். அதை மும்மூன்று ஃப்ரேமாக நான்கு துண்டு போடுங்கள். முதல் துண்டில் ஏறத்தாழ 7.7 செ.மீ., அடுத்ததில் 23, அடுத்து 38, கடைசியில் 54. கூட்டினால் சுமார் 123 செ.மீ. நாம் 1.26-இல் தொடங்கி 0.03-இல் முடித்தது இந்தக் கணக்கினால்தான். அரை வினாடியில் பூமி ஒரு பந்தை அவ்வளவு தூரம்தான் இழுக்கும்.

கணினி இல்லாதவர்கள் நோட்டுப் புத்தகத்தின் மூலையில் செய்யலாம். முதல் தாளில் ஒரு பொட்டு, அடுத்த தாளில் 1 மி.மீ. கீழே, அதற்கடுத்து 3 மி.மீ., பிறகு 5, 7, 9. மொத்தம் இரண்டரை சென்டிமீட்டர். கட்டைவிரலால் தாள்களைச் சர்ரென்று விட்டுப் பாருங்கள். இன்னொரு நோட்டில் எல்லா இடைவெளியும் 5 மி.மீ. என்று வைத்துப் பாருங்கள். முதல் பொட்டு விழும், இரண்டாவது பொட்டு நூல் கட்டி இறக்கியதுபோல இருக்கும்.

ப்ளெண்டரில் திருத்துவது சுலபம். முதலில் 7-ஆம் ஃப்ரேமுக்குப் போய் உயரத்தைப் படித்துக்கொள்ளுங்கள். 0.645 என்று இருக்கும். பாதி நேரத்தில் பாதி தூரம் வந்துவிட்டது என்கிறது கணினி. இப்போது கிராஃப் எடிட்டரில் முதல் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, டி விசையை அழுத்தி, பட்டியலில் குவாட்ராடிக் என்பதைச் சொடுக்குங்கள். கோடு மேலே படுத்து, கீழே செங்குத்தாகப் பாயும். மறுபடி 7-ஆம் ஃப்ரேம். உயரம் 0.95! பாதி நேரத்தில் கால்வாசித் தூரமே வந்திருக்கிறது. கலிலியோவின் பந்து அப்படித்தான் விழும். ஓட்டிப் பாருங்கள். கணினிக்கு இப்போது பந்து விழத் தெரிந்துவிட்டது, நீங்கள் சொல்லிக்கொடுத்ததால்.

விழுந்தது எழும்ப வேண்டும் அல்லவா? தெருவில் கிரிக்கெட் ஆடும் டென்னிஸ் பந்துக்கு இதற்கென்று விதியே உண்டு. 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விட்டால், 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். பாதியைவிடக் கொஞ்சம் அதிகம். நம் பந்தின் பாதையை இப்படி வையுங்கள்: 13-இல் தரை, 22-இல் சுமார் 69 செ.மீ. எழுச்சி, 31-இல் தரை, 38-இல் 40 செ.மீ., 45-இல் தரை, 50-இல் 21 செ.மீ., 55-இல் தரை. ஒவ்வோர் எழுச்சியோடும் பந்தின் ஆரத்தைக் கூட்டிக்கொண்டு இசட்டில் எழுதுங்கள். உயரம் குறையக் குறைய நேரமும் குறைவதைப் பார்த்தீர்களா? 12, 9, 7, 5 ஃப்ரேம். புதிதாகச் செய்கிறவர்கள் உயரத்தைக் குறைத்துவிட்டு நேரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். பந்து நிலவில் குதிப்பதுபோல ஆகிவிடும். எல்லாப் புள்ளிகளுக்கும் குவாட்ராடிக் கொடுங்கள். எழும்பத் தொடங்கும் தரைப் புள்ளிகளில் மட்டும் கன்ட்ரோல் விசையோடு ஈ-யை அழுத்தி, ஈஸ் அவுட் என்று தேர்ந்தெடுங்கள். ஏறும்போது வேகம் குறைய வேண்டும் என்று அதற்குப் பொருள். வரைபடத்தில் தரையைத் தொடும் இடமெல்லாம் கூர்மையாக, உச்சியெல்லாம் வளைவாக இருந்தால் சரியாகச் செய்துவிட்டீர்கள்.

இதுவரை இயற்பியலுக்கு உண்மையாக இருந்தோம். இனி கொஞ்சம் மிகைப்படுத்தலாம், அனிமேஷனில் அதற்கு இடம் உண்டு. டிஸ்னியில் நெடுங்காலம் வேலை செய்த ஃப்ராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-இல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனுக்கு 12 கோட்பாடுகளைத் தொகுத்தார்கள். அதில் முதலாவது அமுங்குதலும் நீளுதலும். தரையில் மோதும் பந்து தட்டையாகும். உண்மையான டென்னிஸ் பந்தும் அமுங்கத்தான் செய்கிறது, ஆனால் ஒரு ஃப்ரேமுக்கான 42 மில்லி வினாடியைவிட மிகக் குறைந்த நேரத்தில் அமுங்கி எழுந்துவிடும். நம் கண்ணுக்குப் பிடிபடாது. ஓவியர் அதைப் பிடித்து ஒரு முழு ஃப்ரேமுக்கு நிறுத்திக் காட்டுகிறார். பார்ப்பவரின் மனதுக்கு மோதல் ‘தட்’ என்று கேட்கும்.

இங்கேயும் ஒரு கணக்கு உண்டு. சப்பாத்தி மாவு உருண்டையை அழுத்தினால் உயரம் குறைந்து அகலம் கூடும், மாவு குறையாது. உயரத்தை 0.7 மடங்காகக் குறைத்தால், மற்ற இரண்டு பக்கமும் 1.2 மடங்காக வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: 0.7 × 1.2 × 1.2 கிட்டத்தட்ட 1. இதை மறந்து உயரத்தை மட்டும் குறைத்தால் பந்து காற்றுப் போனதுபோலச் சுருங்கித் தெரியும். அமுங்கிய ஃப்ரேமில் மையத்தையும் 0.02-க்கு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து தரையைத் தொடாமல் அந்தரத்தில் அமுங்கும்.

கணினி மிகப் பழையது, ப்ளெண்டர் ஓடவில்லை என்றால் பென்சில்2டி இருக்கிறது. அதுவும் இலவசம், கையால் ஒவ்வொரு படமாக வரையலாம். மஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான ஸ்க்ராட்ச்சும் நல்ல தொடக்கம். 1, 3, 5, 7 எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

அடுத்த பயிற்சி உங்களுக்கே. பந்தின் நிறத்தையோ வடிவத்தையோ தொடக் கூடாது, புள்ளிகளை மட்டும் நகர்த்தலாம். முதலில் அதை இரும்புக் குண்டாக்குங்கள். கனமாயிற்றே என்று 12 ஃப்ரேமைக் குறைத்துவிடாதீர்கள், 123 செ.மீ. விழ இரும்புக்கும் அதே அரை வினாடிதான் ஆகும். மாற வேண்டியது எழும்பும் உயரம். பிறகு பலூனாக்குங்கள். பலூனைக் காற்று தாங்கிப் பிடிப்பதால் சிறிது தூரத்திலேயே வேகம் கூடுவது நின்றுவிடும், அதன்பின் ஒரே சீராக இறங்கும். ஒரு பலூனை ஊதி, கையை உயர்த்தி விட்டு, அம்மாவின் கைபேசியில் படம்பிடியுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, பலூன் இருக்கும் உயரத்தைக் கட்டத்தாளில் குறித்துக்கொண்டே போங்கள். கோடு எந்த இடத்தில் வளைவதை விட்டு நேராகிறது என்று கண்டுபிடித்து, ப்ளெண்டரிலும் அங்கே ஒரு கீஃப்ரேம் வையுங்கள்.