தொட்டுப் பார்க்க முடியாத காசு!

கத்தரிக்காய் வாங்கினால் புழு இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறோம். பட்டுப் புடவை என்றால் ஜரிகையை உரசிப் பார்க்கிறோம். தொட்டே பார்க்க முடியாத 'கிரிப்டோ' நாணயத்தை மட்டும், முகம் தெரியாத ஆசாமியின் பேச்சை நம்பி வாங்கலாமா?

பல்கேரியாவில் பிறந்த ருஜா இக்னாடோவா என்ற பெண்மணி, சட்டத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவள். 2014-ல் 'ஒன்காயின்' என்று ஒரு நாணயத்தைக் கிளப்பினாள். ஆள் சேர்த்தால் கமிஷன்! உலகமெங்கும் ஜனங்கள் 400 கோடி டாலருக்கு மேல் கொட்டினார்கள் என்பது அமெரிக்க அரசாங்க வக்கீல்களின் கணக்கு. அந்த நாணயத்தின் விலையைச் சந்தை நிர்ணயிக்கவில்லை. கம்பெனியே இஷ்டப்படி எழுதிக் கொண்டது! 2017 அக்டோபரில் அம்மணி மாயமானாள். கூட்டாளி கார்ல் கிரீன்வுட்டுக்கு 2023-ல் 20 வருஷச் சிறை கிடைத்தது. பணம் போட்டவர்களுக்கு?

இப்போது மோசடி கைப்பேசியிலேயே வீடு தேடி வருகிறது. யாரோ ஒருவர் அன்பாகப் பேசிப் பழகுவார். ஒரு செயலியைக் காட்டி, "ஐயாயிரம் போட்டுப் பாருங்கள்" என்பார். திரையில் லாபம் ஏறும். ஆயிரம் ரூபாய் எடுக்கவும் விடுவார்கள். அதுதான் தூண்டிற் புழு! நகையை அடகு வைத்து லட்சங்களைப் போட்ட பிறகு, "வரி கட்டினால்தான் பணம் வரும்" என்பார்கள்.

வாஸ்தவத்தில், கிரிப்டோ லாபத்துக்கு 2022 முதல் 30 சதவீத வரி உண்டு. ஆனால் அதைச் சர்க்காருக்குத்தான் செலுத்த வேண்டும். ஒரு சதவீதப் பிடித்தமும் விற்ற தொகையிலேயே கழியும். பணத்தைத் தர மேலும் பணம் கேட்பவன் திருடனே!

இன்னும் சில:

* மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவான நிறுவனமா என்று விசாரியுங்கள். பதிவு இருந்தாலும் லாபம் நிச்சயமில்லை.
* உங்கள் கிரிப்டோ பணப்பையைத் திறக்கும் 12 அல்லது 24 இரகசியச் சொற்களை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். அது பீரோச் சாவி.
* அனுப்பிய நாணயத்தைத் திருப்பியழைக்க வழியில்லை.
* "இழந்ததை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கொடு" என்பவன் இரண்டாவது திருடன்.

ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வங்கிப் பணம் கை மாறுவதற்குள் சில சமயம் தடுத்து நிறுத்தலாம். "வீட்டில் தெரிந்தால் திட்டுவார்களே" என்று வாயை மூடிக் கொள்ளாதீர்கள். அந்த மௌனத்தை நம்பித்தானே திருடன் தொழிலே நடத்துகிறான்!