குண்டுவீச்சு விமானத்திலிருந்து பயணிகள் விமானத்திற்கு

பாசிர் ரிஸ் கடற்கரையில் மாலையில் நடப்பவர்களுக்கு விமானங்களின் ஓசை பழகிப்போன ஒன்று. சாங்கி விமான நிலையம் அருகிலேயே இருப்பதால் யாரும் தலைநிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சுமார் 75 ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை வேறு. அப்போது நம் விமான நிலையம் காலாங்கில் இருந்தது. அங்கிருந்து பறந்த தொடக்ககால உள்ளூர் விமானிகளுள் ஒருவர் ஹோ வெங் டோ.

அவர் 1920இல் ஈப்போவில் பிறந்தார். விமானியாகும் எண்ணத்துடன் அவர் வீட்டை விட்டுப் புறப்படவில்லை. பட்டப்படிப்புக்காகவே ஹாங்காங் சென்றார். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை ஹாங்காங்கைத் தாக்கியது. அதே மாதம் ஈப்போவும் அவர்கள் வசமானது. படித்த ஊரும் போய், பிறந்த ஊரும் போன நிலையில், அவர் சீனாவிற்குத் தப்பிச் சென்று சீன விமானப்படையில் சேர்ந்தார். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பயிற்சி பெற்றார். பின்னர்ச் சீனாவிற்குத் திரும்பி, பி-25 என்னும் இரட்டை எந்திரக் குண்டுவீச்சு விமானத்தை ஓட்டினார். மொத்தம் 18 தாக்குதல்களில் பங்கேற்றார்.

போர் முடிந்ததும் இத்தகைய விமானிகள் பலர் பயணிகள் விமானங்களுக்கு மாறினர். இரட்டை எந்திர விமானத்தைக் கையாளவும், வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கவும் அவர்கள் கற்றிருந்தனர். ஆனால், ஒரு பழக்கத்தை மட்டும் அவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. குண்டு வீசும் சில நிமிடங்களில், கீழிருந்து சுட்டாலும் விமானி விலகக் கூடாது. நேர்க்கோட்டில் பறந்தால்தான் குறி தப்பாது. பயணிகள் விமானத்தின் கேப்டனோ, முன்னால் ஆபத்து என்று தோன்றினால் விலக வேண்டும். தேவைப்பட்டால் புறப்பட்ட இடத்திற்கே திரும்ப வேண்டும். பின்னால் அமர்ந்திருப்பவர்கள் தாமதத்திற்காக முணுமுணுக்கலாம். அதைப் பொறுத்துக்கொள்வதற்கும் துணிவு வேண்டும் அல்லவா?

ஹோ முதலில் ஷாங்காயில் பயணிகள் விமானம் ஓட்டினார். 1951இல் மலாயன் ஏர்வேஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த நிறுவனம் 1947 மே 1ஆம் தேதிதான் தன் வழக்கமான சேவையைத் தொடங்கியிருந்தது. 5 பயணிகள் மட்டுமே அமரக்கூடிய ஒரு சிறு விமானம் காலாங்கிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்குப் பறந்தது. பிறகு டிசி-3 வகை விமானங்கள் வந்தன. அவற்றின் உட்புறத்தில் காற்றழுத்தத்தைச் சீராக்கும் வசதி இல்லை. ஆகவே, ஏறக்குறைய 3,000 மீட்டருக்கு மேல் பயணிகளைக் கொண்டு செல்வது கடினம். இன்றைய விமானங்கள் பெரும்பாலான மழை மேகங்களுக்கு மேலே பறக்கின்றன. அன்றைய விமானங்கள் அவற்றின் ஊடே செல்ல வேண்டியிருந்தது. விடியற்காலையில் நம்மை எழுப்பிவிடும் ‘சுமத்திரா’ புயல்காற்றை நினைத்துப் பாருங்கள். வானிலை ரேடார் இல்லாமல் அதை எதிர்கொண்டவர்கள் அந்த விமானிகள்.

விமான நிலையம் 1955இல் பாய லேபாருக்கு இடம்பெயர்ந்தது. நிறுவனத்தின் பெயரும் சில முறை மாறியது. 1972இல் அது இரண்டாகப் பிரிந்தபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உருவானது. ஹோ அதில் போயிங் 737 பிரிவின் தலைமை விமானியாகப் பணியாற்றினார். டிசி-3 விமானத்தில் பினாங்கு செல்ல 2 மணி நேரத்திற்கும் மேல் பிடித்தது. இந்த ஜெட் விமானத்திற்கு ஏறக்குறைய 1 மணி நேரம் போதும். ஒருவர் தம் பணிக்காலத்திற்குள்ளேயே இத்தனை மாற்றங்களையும் கற்றுக்கொண்டார் என்பது எளிதான செய்தி அன்று. கற்றதோடு நில்லாமல், இளம் விமானிகள் பலருக்குப் பயிற்சியும் அளித்தார். வெளிநாட்டு விமானிகளையே பெரிதும் நம்பியிருந்த ஒரு துறையில், உள்ளூர் இளையர்கள் கேப்டன் இருக்கையில் அமர அந்தப் பயிற்சி உதவியது.

அவர் 1980இல் ஓய்வு பெற்றார். சாங்கி விமான நிலையம் திறக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டுதான். தம் நினைவுகளை 2019இல் நூலாக வெளியிட்டார். 2024 ஜனவரியில், தமது 103ஆம் வயதில் காலமானார். காலாங்கின் பழைய விமான நிலையக் கட்டடம், விளையாட்டரங்குக்கு அருகில், இன்றும் நிற்கிறது.