கடைசிப் பஸ்ஸும் சங்கத்தின் கணக்கும்

நெசவாளரின் கூலியைப் பற்றியும் விவசாயியின் விளைபொருளைப் பற்றியும் பேசாத கூட்டுறவுக் கூட்டம் இல்லை. ஆனால் அவ்விரண்டையும் சுமந்து செல்லும் பஸ்ஸைப் பற்றிப் பேசும் கூட்டம் மிக அரிது. பிரதான சாலையிலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கிராமத்து நெசவாளர், நெய்த சேலையைச் சங்கத்தில் ஒப்படைத்துக் கூலி பெற்று, அடுத்த பாவையும் ஊடையையும் வாங்கிக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். மாலைப் பஸ் வராது போனால் ஒரு நாள் தறி நிற்கும். மல்லிகை பயிரிடுபவருக்கோ விடியற்காலைப் பஸ்ஸே உயிர். அரும்பு விரிந்த பின் சந்தைக்குச் சேரும் பூவுக்குப் பாதி விலைதான். இந்த நஷ்டம் எந்தச் சங்கத்தின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஏறாத காரணத்தால் அது இல்லை என்று ஆகிவிடாது.

கிராமத்துக்குப் பஸ் வருவதையும் வராமல் நிற்பதையும் நம் மக்கள் பெரும்பாலும் மழையைப் போலவே கருதுகின்றனர். வந்தால் மகிழ்வர், நின்றால் வருந்துவர். உண்மையில் அது சட்டத்துக்கும் பணத்துக்கும் உட்பட்ட ஏற்பாடு. அந்த ஏற்பாட்டை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம் என்பதே நமது கருத்து.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். நம் நாட்டின் 1914ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டம் வண்டிகளைப் பதிவு செய்வதையும் ஓட்டுநர்களுக்கு லைசென்ஸ் தருவதையுமே பெரிதும் கவனித்தது. எந்த வழியில் எத்தனை பஸ் ஓடலாம் என்ற வரையறை அதில் இல்லை. ஆகவே கூட்டம் நிறைந்த சாலைகளில் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பல பஸ்கள் ஓடின. கூட்டம் குறைந்த ஊர்கள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1939ஆம் ஆண்டுச் சட்டம் வழித்தடத்துக்குப் பர்மிட் என்னும் முறையைக் கொண்டுவந்தது. ரயில்வேயைப் போட்டியிலிருந்து காப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று என்பதை மறைப்பதற்கில்லை. எனினும் அதனால் கிராமங்களுக்கு ஒரு நன்மை விளைந்தது. நல்ல வழியில் போட்டியின்றிச் சம்பாதிக்கும் உரிமையைப் பெற்றவரிடம், இன்ன நேரத்தில் இன்ன ஊருக்கு இத்தனை தடவை சென்று வர வேண்டும் என்று நிபந்தனை விதிக்க இடம் ஏற்பட்டது.

இன்று நடைமுறையில் உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 72ஆவது பிரிவும் அவ்வாறே கூறுகிறது. வழித்தடம், நேர அட்டவணை, நாளொன்றுக்குக் குறைந்த அளவும் கூடிய அளவுமான நடைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பர்மிட்டிலேயே நிபந்தனையாக எழுதலாம். நிபந்தனையை மீறினால் 86ஆவது பிரிவின்படி பர்மிட்டை ரத்து செய்யலாம், அல்லது சில காலம் நிறுத்தி வைக்கலாம். கட்டணம் குறித்து உத்தரவிடும் அதிகாரம் 67ஆவது பிரிவின்படி மாநில அரசுக்கு உண்டு. ஆகவே பர்மிட் என்பது உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். கடமையைக் கேட்பார் இல்லையேல், அது பொதுமக்கள் செலவில் தனியொருவருக்கு வழங்கிய மானியமாக முடியும்.

தனியார் கம்பெனிகளிடம் இக்கடமையை முழுதும் எதிர்பார்க்க இயலாது என்ற எண்ணமும் வலுப்பெற்று வந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பெரிய பஸ் கம்பெனிகளின் வண்டிகள் அரசு வசமாயின. 1972ஆம் ஆண்டில் மதுரையில் பாண்டியன், கோயமுத்தூரில் சேரன், கும்பகோணத்தில் சோழன் எனக் கழகங்கள் தோன்றின. நீண்ட தூரப் பஸ்களில் வரும் வருமானத்தால் கிராமப் பஸ்களின் நஷ்டத்தை ஈடு செய்வது என்ற வழக்கம் நிலைபெற்றது. ஒரு குடும்பத்தில் சம்பாதிக்கும் மகன் படிக்கும் தம்பியைத் தாங்குவது போன்றதே இது.

ஆனால் தாங்குகிற மகனின் சம்பளமே குறைந்தால் என் செய்வது? 2011ஆம் ஆண்டு நவம்பரில் உயர்த்திய கட்டணம் அடுத்து 2018ஆம் ஆண்டு ஜனவரியில்தான் உயர்ந்தது. இடைப்பட்ட ஆறாண்டுகளில் டீசல் விலையும் சம்பளமும் உதிரிபாகங்களின் விலையும் அவ்வாறு காத்து நிற்கவில்லை. கட்டண உயர்வை ஒத்திப்போடுவது ஏழைக்குச் செய்யும் உபகாரம் என்று தோன்றும். ஆனால் கழகத்தின் கையில் பணம் வற்றும்போது, முதலில் குறைவது பட்டணத்துப் பஸ் அன்று. கிராமத்துக்கு இரவு செல்லும் கடைசி நடைதான்.

2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் தமிழ்நாட்டில் அரசுக் கழகங்களின் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். இதற்கான தொகையை அரசு கழகங்களுக்கு ஈடு செய்கிறது. தறிக்கூலியையே நம்பியிருக்கும் குடும்பத்துப் பெண், கையில் காசில்லாவிட்டாலும் சங்கத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ செல்ல முடிகிறது என்பது சாமானிய லாபமன்று. அதன் மதிப்பை நாம் குறைத்துக் கூறோம். ஆயினும் கட்டணமில்லாப் பயணம் பஸ் வரும் ஊருக்கே பயன்படும். பஸ் வராத ஊரில் அது காகிதத்தில் எழுதிய சர்க்கரை.

இங்கே ஒரு கணக்கைச் சிந்திக்க வேண்டும். உதாரணத்துக்காக, பஸ் ஒரு கிலோமீட்டர் ஓட 50 ரூபாய் செலவு என்று கொள்வோம். 20 கிலோமீட்டர் உள்ள ஒரு நடைக்கு 1,000 ரூபாய் ஆகும். அதில் 30 பேர் ஏறி, தலைக்கு 15 ரூபாய் கணக்கில் டிக்கெட்டாகவோ அரசின் ஈட்டுத்தொகையாகவோ வருவது 450 ரூபாய். மீதி 550 ரூபாயை யார் தருவது? பிரயாணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று உதவிப் பணம் கொடுத்தால், ஆள் நிறையும் வழிக்கே பணம் சேரும். ஆள் குறைந்த வழி என்றும் நஷ்டத்திலேயே நிற்கும். மாறாக, ஓடி முடித்த நடைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் கடைசிப் பஸ்ஸும் பிழைக்கும். உதவிப் பணம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அது எதைப் பின்தொடர்கிறது என்பது அதனினும் பெரிய கேள்வி.

சிற்றூர்களுக்கென வகுத்த மினி பஸ் திட்டம் 1997ஆம் ஆண்டில் தொடங்கியது. வழித்தடம் 20 கிலோமீட்டருக்கு மிகாமல், அதில் பெரும்பகுதி பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. 2025ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புதிய திட்டம் வழித்தடத்தை 25 கிலோமீட்டர் வரை நீட்டி, அதில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும் என்கிறது. நோக்கம் நன்று. ஆனால் இவற்றை இயக்குவோர் தனியார். வருமானம் முழுதும் டிக்கெட்டில்தான் வர வேண்டும். ஆகவே மினி பஸ் பேருந்து நிலையத்தின் அருகே வட்டமிட்டு, உள் கிராமத்து நடையை விட்டுவிட ஆசைப்படுவது இயற்கை. அந்த ஆசைக்கு அணை போடுவது பர்மிட்டின் நிபந்தனையும், அதைக் கவனிக்கும் ஊராரின் கண்ணுமே.

ஒழுங்குமுறையை அடியோடு நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்து ஓர் உதாரணம். 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1986 அக்டோபர் முதல், லண்டன் நீங்கலான இடங்களில் எவரும் பதிவு செய்துகொண்டு பஸ் ஓட்டலாம் என்று ஆயிற்று. லாபம் தராத வழிகளுக்கு மட்டும் உள்ளூர் நிர்வாகங்கள் டெண்டர் கோரிப் பணம் கொடுத்தன. நல்ல வழியின் லாபம் கம்பெனியிடமும், கெட்ட வழியின் நஷ்டம் ஊராட்சியிடமும் பிரிந்து நின்றன. 2010க்குப் பின் அந்நிர்வாகங்களின் நிதி சுருங்கியபோது, கிராமப் பஸ்கள் பல நின்றுபோயின.

கூட்டுறவே இதற்கு மருந்தாகாதா என்று அன்பர்கள் வினவலாம். கர்நாடகத்தில், சிக்கமகளூர் மாவட்டத்துக் கொப்பாவில், மூடப்பட்ட தனியார் கம்பெனியின் தொழிலாளர்கள் 1991ஆம் ஆண்டில் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். ஒரு சில பஸ்களோடு தொடங்கி, மலைநாட்டுக் கிராமங்களுக்கெல்லாம் வண்டி ஓட்டி, மாணவர்களுக்குச் சலுகையும் கொடுத்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நடத்தினர். டீசல், காப்பீடு, வரி முதலிய செலவுகள் ஏறிய நிலையில் 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது நின்றது. நிர்வாகத்தில் நாணயமும் உழைப்பும் இருந்தால் தொழிலாளரே பஸ் நடத்த முடியும் என்பது அதன் முதற்பாடம். பொதுச் சேவையின் நஷ்டத்தை அங்கத்தினர்களின் தோளிலேயே ஏற்றிவிட்டால் கூட்டுறவும் நெடுநாள் தாங்காது என்பது இரண்டாம் பாடம். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே சங்கங்கள் உடனே பஸ் வாங்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு.

முதலாவது, சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, அட்டவணைப்படி வர வேண்டிய பஸ் எது, வந்தது எது, வராதது எது என மூன்று மாதம் தேதிவாரியாக எழுதி வருவது. "பஸ் சரியாக வருவதில்லை" என்ற மனுவுக்கு எளிதில் பதில் சொல்லிவிடலாம். தேதியும் நேரமும் கொண்ட மனுவுக்கு அவ்வாறு சொல்ல இயலாது. பர்மிட் நிபந்தனைகளின் நகலையும் கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டாவது, பக்கத்துப் பால் சங்கம், விவசாயக் கடன் சங்கம், ஊராட்சி ஆகியவற்றோடு சேர்ந்து ஒரே தீர்மானமாக நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கும் கழகத்துக்கும் அனுப்புவது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு நேரம் கேட்டால் ஒருவருக்கும் கிடைக்காது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, தவறாமல் வேண்டும் என்று கேட்பது, நாள் முழுவதும் பஸ் வேண்டும் என்று கேட்பதைக் காட்டிலும் பயன் தரும்.

மூன்றாவது, நம் வேலை நேரத்தைப் பஸ் நேரத்தோடு பொருத்துவது. ஒரே ஊர் நெசவாளர்களுக்கு நூல் கொடுப்பதையும் சரக்கு வாங்குவதையும் ஒரே நாளில், பஸ் வரும் வேளையை ஒட்டி வைத்தால் அவர்களுக்கு அலைச்சல் குறையும், பஸ்ஸுக்கு ஆளும் சேரும். பஸ் பத்து மணிக்கு வந்து பதினொன்றுக்குத் திரும்பும் ஊரில், சங்கத்தின் கணக்கர் பதினொன்றுக்குப் பின் பணம் கொடுப்பாரானால், குற்றம் பஸ்ஸினுடையது அன்று.

இன்னும் ஒன்று கூறி முடிக்கிறோம். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் அங்கத்தினருக்கு இன்று பஸ் வேண்டியதில்லை. நிர்வாகக் குழுவில் அமர்ந்திருப்போர் பலரும் அவ்வகையினரே. பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்பவர்கள் முதியோரும் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும். அவர்கள் கூட்டத்தில் பேசுவது குறைவு. ஒருவர் தமக்குத் தேவையில்லாத ஒன்றுக்காகவும், அது பிறர்க்குத் தேவை என்ற காரணத்தால், கை உயர்த்தி வாக்களிப்பதே கூட்டுறவு. அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் கடைசிப் பஸ்ஸுக்கும் ஓர் இடம் கொடுங்கள்.