கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே ஒரு ஜெபம்!

இரவு ஒன்பதரை மணி. கிளினிக்கைப் பூட்டப் போகிற நேரம். வாசலில் பைக் சத்தம். இறங்கி வந்தவர் எங்கள் தெருவில் வளர்ந்த பிள்ளை, ஸ்கூல் வாத்தியார். முகத்தில் மூன்று நாள் தாடி.

“அண்ணாச்சி, யாருக்கும் தெரியாம ஒரு மருந்து வேணும்...”

இது 2017-ல் நடந்தது. அவர் மனைவிக்கு முதல் பிரசவம். ரெட்டைப் பிள்ளைகள். முப்பதாவது வாரத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்டார்கள். பெண் குழந்தை 1,250 கிராம். ஆண் குழந்தை 980 கிராம். ஒரு கிலோ சீனிப் பொட்டலம்கூட இல்லை! இரண்டும் ஐ.சி.யு.வில், கண்ணாடிப் பெட்டிக்குள்.

“அம்மா உரை மருந்து குடுத்தா பிழைச்சிரும்னு சொல்லுதாவ. ஜெபம் பண்ணின எண்ணெயும் ஒரு சின்ன பாட்டில்ல வச்சிருக்கோம். நர்ஸ் அந்தப் பக்கம் போறப்ப நாக்குல ஒரு சொட்டு வச்சிரலாம்னு...”

நான் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தவன். குழந்தை மருத்துவம் எங்களுக்குத் தனிப் பாடம். ஜாதிக்காய், மாசிக்காய், வசம்பு என்று உரைத்துக் கொடுப்பதன் அருமை தெரிந்தவன். அதனால்தான் ‘கூடாது’ என்று சொன்னேன்.

ஏழு மாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் குடல் இன்னும் பக்குவப்படவில்லை. தாய்ப்பாலைக்கூட டாக்டர் சொட்டுக் கணக்கில், டியூப் வழியாகக் கொடுக்கிறார். அதில் நாம் திருட்டுத்தனமாக எதையாவது வைத்தால், குடல் அழுகிப்போகலாம், கிருமி ரத்தத்தில் ஏறலாம், மூச்சுக்குழலில் இறங்கலாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த ஒரு சொட்டே எமனாகிவிடும்.

“அப்ப என்னதான் செய்ய? சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லுதீங்களா?”

வாசகர்களே, ஐ.சி.யு. வாசலில் நிற்கும் எந்தப் பெற்றோருக்கும் வருகிற கேள்வி இது. மறுநாள் காலை நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

யார் செய்த பாவம்?

அந்தப் பெண் பெஞ்சில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து பால் எடுத்துக் கொடுக்கவில்லை. சாப்பிடவும் இல்லை. காரணம், பார்க்க வந்த ஒரு அம்மா ஜெபம் பண்ணிவிட்டுப் போகும்போது, “உங்க வீட்ல அறிக்கை பண்ணாத பாவம் ஏதோ இருக்கு” என்று சொல்லிவிட்டாராம்!

“மாமா, நாங்க யாருக்கு என்ன கெடுதல் செஞ்சோம்?” என்று கேட்டாள்.

நான் சைவக் குடும்பத்துக்காரன். ஆனால் பாளையங்கோட்டையில் கிறிஸ்தவப் பள்ளியில் படித்தவன். வேதபாட வகுப்பில் கேட்ட கதை ஒன்றை அவளுக்கே நினைவுபடுத்தினேன். யோவான் சுவிசேஷம் 9-ம் அதிகாரம். பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் இப்படிப் பிறந்ததற்கு யார் பாவம் காரணம் என்று சீஷர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்கிறார் இயேசு. “உன் சாமியே சொல்லியாச்சு. வந்துட்டுப் போன அம்மா சொன்னா என்னம்மா?” என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

மருத்துவக் காரணம் இதுதான். கருப்பையில் இரட்டை இருந்தால் மாதம் நிறையும் முன் பிறப்பது சாதாரணம். நம் நுரையீரலின் காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க உள்ளே வழவழப்பான ஒரு பொருள் சுரக்கிறது. ‘சர்ஃபாக்டன்ட்’ என்பார்கள். குறைமாதக் குழந்தைக்கு அது போதாது. ஒவ்வொரு மூச்சும் புது பலூனை ஊதுகிற மாதிரி!

1963 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடிக்கு ஒரு மகன் பிறந்தான். ஐந்தரை வாரம் முன்னதாக. எடை சுமார் 2.1 கிலோ. கத்தோலிக்கக் குடும்பம், உடனே ஞானஸ்நானமும் கொடுத்தார்கள். பதவி இருந்தது, பணம் இருந்தது, ஜெபம் இருந்தது. இரண்டே நாளில் குழந்தை இறந்துவிட்டது, இதே நுரையீரல் கோளாறால். ஜெபத்திலா குறை? இல்லை. மருத்துவம் அன்றைக்கு அவ்வளவுதான் வளர்ந்திருந்தது. 1980-ல் ஜப்பானிய டாக்டர் ஃபுஜிவாரா, அந்தச் சுரப்பை மருந்தாகவே குழந்தைகளின் நுரையீரலுக்குள் செலுத்திக் காட்டினார். இன்று அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றுகிறது.

மூன்று மணிக்கு ஒருமுறை

“உன்னால மட்டும் முடியிற வேலை ஒண்ணு இருக்கும்மா. பாலைப் பீச்சிக் குடு. டாக்டராலயும் அதை உண்டாக்க முடியாது” என்றேன்.

முதல் தடவை ஒரு ஸ்பூன்கூட வரவில்லை. நர்ஸ் விடவில்லை. மூன்று மணிக்கு ஒருமுறை, ராத்திரியிலும். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும். கழுவும்போதே அவள் உதடு முணுமுணுக்கும். அதுதான் அவளுடைய ஜெப நேரம். நாள் முழுக்க ‘காப்பாத்தும், காப்பாத்தும்’ என்று கதறியபோது வராத தெம்பு, கை ஒரு வேலையைச் செய்தபோது வந்தது.

நான்காம் நாள் பையன் நிலைமை மோசம். சபை குருவானவரை அழைத்தார்கள். (எங்கள் ஊரில் ‘ஐயர்’ என்றுதான் சொல்வோம்.) அவர் மோதிரம், வாட்சைக் கழற்றி, கை கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். நர்ஸ் சிரிஞ்சில் சுத்தமான நீர் கொடுத்தார். சில துளிகளில் ஞானஸ்நானம் முடிந்தது. பாட்டியம்மா எண்ணெய் பாட்டிலை நீட்டினார். “பிள்ளைக்கு வேண்டாம் பாட்டியம்மா, தாய்க்குப் போடுதேன்” என்று மருமகள் நெற்றியில் தடவினார் ஐயர். அந்தச் சமயோசிதத்தை மனசுக்குள் கும்பிட்டேன்.

ஆறாம் நாள் விடியற்காலை பையன் போய்விட்டான்.

“விசுவாசம் பத்தலை. பொண்ணையாவது டிஸ்சார்ஜ் பண்ணிச் சுகமளிக்கிற கூட்டத்துக்குக் கொண்டு போவோம்” என்றார் ஒரு உறவுக்காரர். தகப்பனும் ஆடிப்போனார். ஐயர் கோபப்படவில்லை. “வேலூர் ஆஸ்பத்திரி எப்படி வந்துதுன்னு தெரியுமா தம்பி?” என்று கேட்டார்.

திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று கணவர்கள், பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டு ஒரு மிஷனரி வீட்டுக்கு வந்தார்கள். அங்கே டாக்டர் ஆண். ஆண் தொடக்கூடாது என்று திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர், ஜெபம் பண்ணிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார். அவருடைய விசுவாசம்தான் இன்று பெரிய ஆஸ்பத்திரியாக நிற்கிறது.

உறவுக்காரர் அப்புறம் வாய் திறக்கவில்லை.

பையனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு, யாரும் சொல்லாமலே அந்தப் பெண் எழுந்து போய்க் கை கழுவினாள். பெண் குழந்தைக்குப் பால் எடுக்கிற நேரம். அழுதுகொண்டேதான் எடுத்தாள். தாவீது ராஜாவின் கதை ஞாபகம் வந்தது. குழந்தை சாகக் கிடந்தபோது ஏழு நாள் உபவாசம் இருந்து தரையில் கிடந்தார். இறந்தது தெரிந்ததும் எழுந்து, குளித்து, தொழுதுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

மார்புதான் தொட்டில்

பெண் குழந்தை தேறியதும் ‘கங்காரு’ முறையில் தாய் மார்போடு சேர்த்துக் கட்டினார்கள். கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978-ல் டாக்டர் எட்கர் ரே தொடங்கிய முறை இது. தகப்பனும் சட்டையைக் கழற்றிவிட்டு மகளைச் சுமந்தார். 1 முதல் 1.8 கிலோ வரையிலான குழந்தைகளை, நிலைமை சீராகக் காத்திருக்காமல், பிறந்த உடனேயே தாய் மார்பில் சேர்த்துப் பார்த்த ஆய்வு 2021-ல் வெளிவந்தது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் பங்கெடுத்தன. வழக்கமான முறையில் நூற்றுக்குச் சுமார் 16 குழந்தைகள் முதல் மாதத்துக்குள் இறந்தன. இந்த முறையில் அது 12 ஆகக் குறைந்தது.

ஐ.சி.யு. வாசலில் நிற்கும் பெற்றோருக்கு...

• டாக்டர் அனுமதி இல்லாமல் எண்ணெய், தேன், நாட்டு மருந்து எதுவும் குழந்தை வாயில் வைக்காதீர்கள். நிறைமாதக் குழந்தைக்கும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும்.

• உபவாசம் இருக்க ஆசையா? தகப்பனோ தாத்தாவோ இருக்கட்டும். பால் கொடுக்கும் தாய் மூன்று வேளையும் சாப்பிட வேண்டும்.

• ஞானஸ்நானம், ஜெபம் வேண்டுமென்றால் நர்ஸிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். வழி செய்து கொடுப்பார்கள்.

• டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் காலையிலேயே சீட்டில் எழுதி வையுங்கள்.

• பார்க்கப் போகிறவர்களே, பாவக் கணக்குப் பார்க்காதீர்கள். சாப்பாடு கொண்டு போங்கள்.

ஐம்பத்திரண்டாம் நாள் மகள் வீடு வந்தாள். இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். சளி, இருமல் என்றால் என்னிடம்தான் வருவாள். “இப்பவாவது ஏதாச்சும் உரைச்சுக் குடுப்பீங்களா?” என்று பாட்டியம்மா இன்னமும் வம்புக்கு இழுப்பார்!

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரை அவளே கொண்டுபோய்ப் போடுகிறாள். அவள் கையில் இரண்டு கவர் இருக்கும். ஒன்று அவளுக்கு. இன்னொன்று, ஆறு நாள் இருந்துவிட்டுப் போன தம்பிக்கு.