போட்டவர் யாரோ, தளத்துக்கு என்ன பொறுப்பு?

2021 டிசம்பர் 8-ம் தேதி காலை 11.48 மணிக்குச் சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர், 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08-க்குத் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் அது விழுந்து எரிந்ததில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் உயிருக்குப் போராடி 15-ம் தேதி காலமானார்.

விசாரணை தொடங்கும் முன்பே சமூக வலைத்தளங்களில் ஆளாளுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். சதி என்றார்கள் சிலர். வேறெங்கோ நடந்த ஹெலிகாப்டர் விபத்தின் காட்சி, இதுதான் குன்னூர் விபத்து என்று செல்போனுக்குச் செல்போன் தாவியது. இறந்தவர்களின் கண்ணியம் கருதி ஊகங்களைத் தவிருங்கள் என்று விமானப்படையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. விபத்தை ஒட்டிப் போட்ட ஒரு ட்விட்டர் பதிவுக்காக யூடியூபர் மாரிதாஸ் மறுநாளே மதுரையில் கைதானார். 14-ம் தேதி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த வழக்கை ரத்து செய்தது.

கைது, வழக்கு, ரத்து எல்லாமே பதிவு போட்டவர் பெயரில்தான் நடந்தன. அந்தப் பதிவைத் தாங்கி நின்று பலருக்கும் காட்டிய தளத்தின் மீது வழக்கில்லை. இது போலீஸின் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவைத்தான் சொல்கிறேன். அடுத்தவர் தரும் தகவலை வாங்கி, வைத்து, அனுப்பும் யாரையும் இந்தச் சட்டம் ‘இடைநிலையாளர்’ என்று அழைக்கிறது. யூடியூப், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மட்டுமல்ல. சோமனூர் பக்கம் பழைய தறி விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்க யாராவது ஒரு சிறு இணையதளம் நடத்தினால் அவரும் இடைநிலையாளர்தான். நள்ளிரவில் யாரோ வந்து உங்கள் வீட்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போனால், அதில் எழுதியிருப்பதற்கு உங்களைப் பிடித்து உள்ளே போட முடியாது. ஆனால், காலையில் பார்த்தபிறகும், கிழிக்கச் சொல்லி உத்தரவு வந்தபிறகும் விட்டுவைத்தால் கதை வேறு. 79-வது பிரிவின் சாரம் இவ்வளவுதான்.

இந்தப் பாதுகாப்பு சும்மா கிடைத்ததில்லை. 2004 நவம்பரில் ஐஐடி காரக்பூர் மாணவர் ஒருவர், டெல்லிப் பள்ளி மாணவர்கள் இருவரின் அந்தரங்க வீடியோவை பாஸி டாட் காம் என்ற விற்பனைத் தளத்தில் 125 ரூபாய் விலை வைத்துப் பட்டியலிட்டார். டிசம்பரில் அந்தத் தளத்தின் தலைமை நிர்வாகி அவ்னிஷ் பஜாஜையே போலீஸ் கைது செய்தது. தளத்தில் யாரோ ஒருவர் எதையோ விற்கப் போட்டதற்கு நிறுவனத் தலைவர் சிறை போவதா என்று தொழில்துறை கொதித்தது. வழக்கு 2012 வரை இழுத்தடித்து உச்ச நீதிமன்றத்தில்தான் அவர் விடுபட்டார். இடையில் 2008-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2009 அக்டோபர் 27 முதல் இன்றைய 79-வது பிரிவு நடைமுறைக்கு வந்தது.

அதே 2004-ல் சென்னையில் நடந்த வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. விவாகரத்தான ஒரு பெண்ணின் பெயரில் யாஹூ குழுவில் ஆபாசமாக எழுதி, அவருடைய தொலைபேசி எண்ணையும் போட்டுவிட்டார் ஒருவர். முன்பின் தெரியாத ஆண்கள் எல்லாம் அந்தப் பெண்ணை அழைக்கத் தொடங்கினார்கள். சென்னை சைபர் கிரைம் போலீஸ் மும்பை வரை போய் ஆளைப் பிடித்தது. அந்த ஆண்டு நவம்பர் 5-ல் எழும்பூர் கூடுதல் தலைமைப் பெருநகர நடுவர் தண்டனை வழங்கினார். புகார் கொடுத்து ஏறத்தாழ ஏழே மாதம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனைகளில் ஒன்றாகச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் இதைச் சொல்லித்தருகிறார்கள். இருபது ஆண்டுக்கு முன்பே ஏழு மாதத்தில் முடிந்த வேலை அது. இன்று முதல் தகவல் அறிக்கைக்கே நடையாய் நடப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

சரி, தளத்துக்குத் ‘தெரிந்துவிட்டது’ என்று சட்டம் எப்போது ஒப்புக்கொள்ளும்? சிக்கலே இங்குதான். 2015 மார்ச் 24-ல் ஷ்ரேயா சிங்கல் வழக்கில், இணையத்தில் எழுதுபவர்களைக் கண்டபடி கைது செய்ய உதவிய 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் தூக்கியெறிந்தது. அதே தீர்ப்பில் 79-க்கும் ஒரு வரம்பு போட்டது: நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால் மட்டுமே தளத்துக்குத் ‘தெரிந்ததாக’ அர்த்தம். யாரோ ஒருவர் ‘இது பொய், எடுங்கள்’ என்று மின்னஞ்சல் போட்டதற்கெல்லாம் தளம் நீக்கத் தொடங்கினால், லஞ்சம் வாங்கிய அதிகாரி தன்னைப் பற்றிய செய்தியை நீக்கச் சொல்வார். கலப்படக் கடைக்காரர் வாடிக்கையாளரின் விமர்சனத்தை நீக்கச் சொல்வார். நீதிமன்றத்தின் தர்க்கம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

ஆனால், சூலூரில் பேக்கரி வைத்திருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிக் கடைக்காரர் கூகுள் மேப்பில் பொய்ப் பெயர்களில் மோசமான விமர்சனங்களை வரிசையாகப் போட்டுவிட்டார். பேக்கரிக்காரர் புகார் கொடுத்தால் தளம் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால், நீக்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கினால்தான் வரும். போட்டவர் யாரென்றே தெரியாவிட்டாலும், ‘பெயர் தெரியாத எதிர்வாதி’ என்று போட்டு வழக்குத் தொடரலாம். தளத்தின் பதிலில் திருப்தி இல்லையென்றால், மத்திய அரசு அமைத்திருக்கும் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் இணையம் வழியே போகலாம். வக்கீல் தேவையில்லை. இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

அந்தரங்கப் படங்கள் விஷயத்தில் மட்டும் சட்டம் வேறு பாதையில் போகிறது. அதை எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 2021 பிப்ரவரி 25-ல் வந்த விதிகளின்படி, அந்தரங்கப் படமோ, மார்ஃபிங் செய்த படமோ, உங்கள் பெயரில் போலிக் கணக்கோ இருந்தால் கோர்ட் உத்தரவு தேவையில்லை. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ தளத்துக்குப் புகார் கொடுத்தாலே போதும். 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றிருந்தது. 2026 பிப்ரவரி 20 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அந்தரங்கப் படங்களுக்கான கெடுவை இரண்டு மணி நேரமாகக் குறைத்தது. நீதிமன்ற, அரசு உத்தரவுகளுக்கான 36 மணி நேரம் மூன்று மணி நேரமானது. கெடுவை மீறினால் 79-வது பிரிவின் கவசம் போய்விடும். பதிவு போட்டவரோடு தளமும் கூண்டில் நிற்க வேண்டியதுதான்.

இந்த அவசரம் ஏன் என்பதற்குச் சேலத்தைப் பார்த்தால் போதும். 2016 ஜூனில் அந்த மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் மார்ஃபிங் படம் ஃபேஸ்புக்கில் வந்தது. குடும்பம் போலீஸில் புகார் கொடுத்தது. யார் போட்டது என்ற விவரம் ஃபேஸ்புக்கிடமிருந்து வரட்டும் என்று காத்திருந்த நாட்களிலேயே இன்னொரு படமும் வந்தது. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். மாவட்ட எஸ்.பி. பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். குற்றவாளியைப் பிடிப்பதும் படத்தை இறக்குவதும் இரண்டு தனி வேலைகள். முதல் வேலை முடியும்வரை இரண்டாவதை நிறுத்திவைக்கக் கூடாது. சேலத்தில் நிறுத்திவைத்தார்கள்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெண் வழக்கறிஞரே வந்து நின்றார். பழைய காதலர் எடுத்த காட்சிகள் பல தளங்களில் பரவியிருந்தன. ஓரிடத்தில் எடுத்தால் இன்னோரிடத்தில் முளைத்தது. 48 மணி நேரத்துக்குள் முடக்கும்படி மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். சட்டம் படித்தவருக்கே இந்தப் பாடு என்றால் சாதாரணப் பெண்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வியில்தான் வழக்கு சூடுபிடித்தது. அதன் விளைவாக அந்த ஆண்டு நவம்பரில் மத்திய அரசு நாடு முழுவதற்குமான வழிமுறையை வெளியிட்டது. ஒருமுறை நீக்கிய படம் மறுபடி ஏறாமல் தடுப்பதும் அதில் அடக்கம்.

இதுவரை பெரிய தளங்களைப் பார்த்தோம். ஊரில் எல்லோரையும் பயமுறுத்தும் கேள்வி வேறு: “ஏனுங்க, நான் குரூப் அட்மின். எவனோ எதையோ போட்டா என்னையும் பிடிச்சுட்டுப் போயிருவாங்களா?” இதற்குப் பதில் பக்கத்துக் கரூரிலிருந்தே கிடைத்துவிட்டது. அங்கே வழக்கறிஞர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் உறுப்பினர் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மின் மீதும் வழக்கு. 2021 டிசம்பரில் மதுரைக் கிளை தெளிவாகச் சொன்னது: அவர் வெறும் அட்மின் மட்டும்தான் என்றால், வேறு குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லையென்றால், குற்றப்பத்திரிகையிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும். அடுத்தவர் என்ன எழுதப்போகிறார் என்று அட்மினுக்கு முன்கூட்டித் தெரியாது; உறுப்பினரைச் சேர்க்கலாம், நீக்கலாம், அதற்குமேல் அவர் கையில் ஒன்றும் இல்லை.

ஃபார்வர்டு செய்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை 2018-ல் ஃபேஸ்புக்கில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், தான் எழுதவில்லை, படிக்காமல் அனுப்பிவிட்டேன் என்று வாதாடினார். உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அனுப்பியவர் அதன் விளைவுக்குப் பொறுப்பு என்றது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

கொங்கு மண்டலம் இந்தச் சட்டத்தின் ஓட்டையை நேரில் பார்த்தது 2023 மார்ச்சில். தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வடக்கே பரவின. அப்போதைய டிஜிபி சைலேந்திர பாபு உண்மையைச் சொன்னார்: ஒன்று திருப்பூரில் பிகார் தொழிலாளர்களுக்குள்ளேயே நடந்த பழைய மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவரின் சண்டை. வேறு மாநிலக் காட்சிகளும் இந்தக் கணக்கில் சேர்ந்தன. திருப்பூரிலும் கோவையிலும் இருந்து தொழிலாளர்கள் ரயிலேறினார்கள். நிலைமையைப் பார்க்கப் பிகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே இங்கு வந்தது. யூடியூபர் மணீஷ் காஷ்யப் உட்படப் பரப்பியவர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன.

பரப்பியவர்கள் சரி. அந்த வீடியோக்களை யார் யாருக்குக் காட்டலாம் என்று முடிவு செய்தது யார்? இடைநிலையாளர் என்றால், தகவலைப் பெறுபவரைத் தானாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்கிறது 79-வது பிரிவு. இன்று தளங்களின் தொழிலே அந்தத் தேர்வுதான். பயந்துபோன ஒரு தாய் ஒரு வீடியோவைப் பார்த்தால் அதே ரகத்தில் அடுத்ததை நீட்டுகிறது நிரல்; அதில் விளம்பரக் காசும் வருகிறது. சுவர் என்று சொல்லிக்கொள்பவர், கூட்டத்தைக் கைதட்டிக் கூப்பிட்டுப் போஸ்டரைக் காட்டுகிறார். அப்படித் தேர்ந்து பரப்பியதற்கு மட்டுமாவது அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது என் கருத்து.

அதற்காக அரசின் கையில் எல்லாச் சாவியையும் கொடுத்துவிடவும் முடியாது. 2025 பிப்ரவரியில் பிரதமரைப் பற்றிய ஒரு கார்ட்டூனுக்காக விகடன் இணையதளமே முடக்கப்பட்டது. ஒரு படம்தான் பிரச்சினை. அப்போது நூற்றாண்டை நெருங்கிக்கொண்டிருந்த நிறுவனத்தின் மொத்தத் தளமும் இருண்டது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சென்ற பிறகுதான், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுப்பது என்ற நிபந்தனையோடு திறந்தது. 79-வது பிரிவின் பெயரால் அதிகாரிகள் நேரடியாக நீக்கச் சொல்வதை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்கைக் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. மூன்று மணி நேரக் கெடு இந்தச் சூழலில்தான் வந்திருக்கிறது. அந்தரங்கப் படத்துக்கு இரண்டு மணி நேரம் கொடுப்பதே அதிகம். ஆனால், ஒரு செய்தியோ கேலிச்சித்திரமோ சட்டவிரோதமா என்று யோசிக்க மூன்று மணி நேரம் போதாது. வம்பு வேண்டாம் என்று எடுத்துவிடுவதுதான் எந்த நிறுவனத்துக்கும் லாபம்.

இனி நடைமுறைக்கு வருவோம். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இப்படி நேர்ந்தால், பதற்றத்தில் கணக்கை அழித்துவிடாதீர்கள். பதிவின் முழு முகவரி, போட்ட கணக்கின் பெயர், தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வெறும் படத்தை மட்டும் எடுத்தால் தளம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கோர்ட்டுக்குப் போகும்போது மின்னணுச் சான்றுக்கான சான்றிதழ் கேட்பார்கள். அதற்காக, ஸ்கிரீன்ஷாட் எடுத்த போனைப் பத்திரமாக வைத்திருங்கள். அதே நாளில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்குப் புகார் அனுப்பி, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோவையில் மாநகரத்துக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனி சைபர் கிரைம் காவல் நிலையங்கள் உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். சைபர் உதவி எண் 1930, பெண்களுக்கான உதவி எண் 181.

மில்லுக்கும் கல்லூரிக்கும் போகும் உங்கள் வீட்டுப் பெண்களிடம் இந்த எண்களை இன்றே சொல்லிவையுங்கள். படம் வெளியே வந்தால் குற்றவாளி அவள் இல்லை என்பதையும், வீட்டில் முதலில் சொல்லலாம், யாரும் திட்ட மாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.